முன்கண்ணாடி மாற்றிய பிறகு லேன் கீப் அசிஸ்ட் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் இழுக்கிறது: கோளாறா, இயல்பா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். விரிசல் விழுந்ததால் என் காரின் முன்கண்ணாடியை அண்மையில் மாற்றினேன். அதுவரை, வண்டியைச் சாலைக் கோடுகளுக்குள் வைத்திருக்க உதவும் லேன் கீப் அசிஸ்ட் ஒரு குறையுமின்றி இயங்கியது. வண்டி கோட்டை நெருங்கும்போது மட்டும் ஸ்டீயரிங்கை மெல்ல உள்ளே திருப்பும். இப்போதோ, இரு கோடுகளுக்கும் நடுவே நேராகச் செல்லும்போதே ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கிறது; பிடித்து நேராக்கினால் சற்று நேரத்தில் மீண்டும் அதே இழுப்பு. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. விளக்கு எரியாதவரை கவலை வேண்டாம் என்று கண்ணாடி மாற்றியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சாலைப் பணி நடக்கும் இடங்களில் பழைய கோட்டின் பக்கமாக இழுப்பதும் உண்டு. இவை இரண்டும் ஒரே கோளாறா? வீட்டில் மற்றவர்களும் இதே காரை ஓட்டுவதால், காரணத்தை உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1

முதலில் அந்த வசதியை அணைத்துவிட்டு, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அணைத்த பிறகும் இழுத்தால், அந்த வசதிக்காகக் கோடுகளைப் பார்க்கும் கேமராவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. டயர் காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), பிரேக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலைகளை ஓரமாகச் சற்றே சரித்துத்தான் போடுகிறார்கள் என்பதால், ஓரத்தை நோக்கிய மிகச் சிறிய நகர்வை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்.

பதில் 2

காலிபரேஷன், அதாவது கேமரா பார்க்கும் திசையைச் சரியாக அமைக்கும் வேலை, செய்பவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஐயா. கோடுகளைப் பார்க்கும் கேமரா, பின்னால் வருவதைப் பார்க்க உதவும் உட்புறக் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியோடு ஒட்டிய தாங்கியில்தான் பெரும்பாலான கார்களில் அமர்ந்திருக்கும். கண்ணாடியை மாற்றும்போது அந்தக் கேமராவைக் கழற்றி மாட்டியாக வேண்டும். புதிய கண்ணாடியின் தாங்கி சற்றே விலகியிருந்தாலும் கேமரா பார்க்கும் திசை மாறிவிடும். ஒரு பாகை விலகினால், 50 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் பிழையாகிறது. சுமார் மூன்றரை மீட்டர் அகலமுள்ள லேனில் இது மிகப் பெரிய விலகல். நடுவில் செல்லும் வண்டியை ஓரத்தில் செல்வதாகக் கணினி கருதிக்கொள்ள அதுவே போதும்.

விளக்கு எரியாததை வைத்து எல்லாம் சரி என்று முடிவு செய்ய முடியாது. கேமராவுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன, மின்இணைப்பும் சரியாக இருக்கிறது. தான் பார்க்கும் கோணம் தவறு என்பதை அது எல்லா நேரத்திலும் தானே கண்டுபிடித்துவிடுவதில்லை. ஆகவே கண்ணாடி மாற்றியபின் காலிபரேஷன் செய்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால், காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேன் கருவியின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

காலிபரேஷன் இரு வகைப்படும். சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, கேமரா பார்ப்பதற்கான குறிப்பலகையைக் குறிப்பிட்ட தொலைவிலும் உயரத்திலும் வைத்துச் செய்வது ஒன்று. ஸ்கேன் கருவியை இணைத்து, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது மற்றொன்று. சில மாடல்களுக்கு இரண்டும் தேவை. எதுவாயினும் முதலில் காற்றழுத்தமும் வீல் அலைன்மென்டும் சரியாக இருக்க வேண்டும், ஏனெனில் வண்டி உண்மையில் எந்தத் திசையில் உருள்கிறதோ அதை அடிப்படையாகக் கொண்டே கேமராவின் திசை அமைக்கப்படுகிறது. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் கோண சென்சார், நேராக இருக்கும்போது பூஜ்ஜியம் காட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இழுப்பு நீங்காவிட்டால், கேமராவுக்கு முன்னுள்ள பகுதியில் கண்ணாடியே பிம்பத்தை வளைக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

பதில் 3

சாலைப் பணி இடங்களில் நேர்வது வேறு விஷயம். காலிபரேஷன் சரியாக இருக்கும் கார்களிலும் அது நிகழ்கிறது. தரைக்கும் கோட்டுக்கும் உள்ள நிற வேறுபாட்டை வைத்தே கேமரா கோட்டை அறிகிறது. அரைகுறையாக அழித்த பழைய கோடு, விரிசலை அடைத்த தார்ப்பட்டை, ஈரச் சாலையில் எதிர்வெயிலின் பளபளப்பு ஆகியவை யாவும் அதற்குக் கோடாகத் தோன்றக்கூடும். அங்கே ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து உங்கள் வழியில் செலுத்துங்கள். ஓட்டுநரின் கை வெல்லும்படிதான் இவை வடிவமைக்கப்படுகின்றன. வாகன ஸ்டீயரிங் பற்றிய ஐ.நா.வின் 79ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, லேன் உதவி அமைப்பை மீறித் திருப்புவதற்குத் தேவைப்படும் விசை 50 நியூட்டனுக்கு மிகக்கூடாது. அது ஏறக்குறைய ஐந்து கிலோ எடையைத் தாங்கும் விசை. லேன் மாறும்போது இண்டிகேட்டர் போட்டால் பெரும்பாலான அமைப்புகள் குறுக்கிடுவதில்லை.

பதில் 4

நான் இதை நிரந்தரமாக அணைத்தே வைத்திருக்கிறேன். எனக்கு இது தொல்லைதான்.

பதில் 3 எழுதியவர்

அந்த வழி எல்லோருக்கும் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய கார்களில் அவசரகால லேன் காப்பு, அதாவது வண்டி லேனைவிட்டு விலகும்போது குறுக்கிடும் இத்தகைய அமைப்பு, கட்டாயம். அணைத்தாலும் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது மீண்டும் இயங்கத் தொடங்கும். அயர்வில் கண்மூடும் கணத்தில் இதைவிட விரைவாகக் குறுக்கிடக்கூடியவர் காரில் வேறு யாருமில்லை என்பதால், தவறாக இயங்கினால் சரிசெய்வதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வசதியை அணைத்ததும் இழுப்பு முற்றிலும் நின்றது. அலைன்மென்ட் வரம்புக்குள் இருந்தது. காலிபரேஷன் செய்யப்படவே இல்லை என்று பிறகு தெரியவந்தது. இப்போது குறிப்பலகை வைத்தும் சாலையில் ஓட்டியும் செய்து, அறிக்கையையும் வாங்கிவிட்டேன். வண்டி லேனின் நடுவிலேயே செல்கிறது. சாலைப் பணி இடங்களில் மட்டும், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் எச்சரிக்கை மட்டும் தரும் அமைப்புக்கு மாற்றிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் எஞ்சியுள்ளது: நான் பிடித்திருக்கும்போதே ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்படி எச்சரிக்கை வருகிறதே, அதுவும் காலிபரேஷன் தொடர்பானதா?

பதில் 2 எழுதியவர்

இல்லை. உங்கள் கார் கையின் தொடுகையை அல்லாமல், கை தரும் திருப்புவிசையை அளக்கும் வகையாக இருக்கலாம். நேர்ச்சாலையில் இரு கைகளும் சமமாக ஓய்ந்திருந்தால் அந்த சென்சாருக்கு எதுவும் தெரியாது. ஒரு கையின் எடை சற்றே ஒரு பக்கமாகப் படும்படி பிடியுங்கள், எச்சரிக்கை அடங்கிவிடும்.