1 ஜிபிபிஎஸ் பிளான், 94-க்கு மேல் ஏறவில்லை: குறை கேபிள்காரரிடமா, வீட்டு ஒயரிலா?

மஞ்சக்குப்பம்_எடிட்டர்:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். ஒரு முகூர்த்தத்துக்கு மூன்று கேமரா ஓடினால் 200 ஜிபிக்குக் குறையாது. அத்தனையையும் வெளியூர் ஸ்டூடியோக்களுக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்காகவே போன மாதம் எங்கள் தெரு கேபிள்காரரிடம் 1 ஜிபிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். ஃபைபர் ஹால் வரை வருகிறது. ஹாலில் அவர் வைத்த ஓஎன்யு பெட்டி (ஃபைபரில் வரும் ஒளியை லேன் ஒயருக்கு மாற்றித் தருவது) இருக்கிறது. அதிலிருந்து சுவருக்குள் போகும் லேன் ஒயர் மாடி ரூமில் என் கம்ப்யூட்டருக்கு வருகிறது.

சோதித்தால் டவுன்லோடு 94, அப்லோடு 93. காலை, மதியம், நள்ளிரவு, எப்போது பார்த்தாலும் அதேதான். மாடியில் போனில் வைஃபை 38. கேபிள் ஆபீசில் கேட்டால் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்கிறார்கள். 200 ஜிபி ஏற ஐந்து மணி நேரம் ஆகிறது. அதற்குள் கரண்ட் ஒரு தடவை போய்விட்டால் என்ன பாடு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கே பார்ப்பது?

கெடிலக்கரை:
இதில் பார்க்க ஒன்றுமில்லை அம்மா. 100 பிளானை 1000 என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள். எனக்கே நடந்தது. 200 பிளானுக்கு நான்கு மாதம் பணம் கட்டினேன். அவர்கள் சிஸ்டத்தில் என் கணக்கு பழைய 100-லேயே கிடந்தது. நேரில் போய் உட்கார்ந்து திரையைக் காட்டச் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள். நீங்களும் நேரில் போங்கள். வீட்டு ஒயரைக் குடைந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

கம்பிவேலை_லாஸ்பேட்டை:
கெடிலக்கரை ஐயா சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் இந்த எண் வேறு கதை சொல்கிறது.

புதுச்சேரியில் பதினான்கு வருடமாக நெட்வொர்க் ஒயரிங் செய்கிறேன். 94 என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒயர்தான். கேபிள்காரர் 100 என்று கட்டிப்போட்டால் பெரும்பாலும் 100-ஐச் சுற்றியே வரும். பலர் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். ஆனால் 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் இணைப்பில் டேட்டாவோடு ஒட்டிப் போகும் முகவரித் தகவல்களின் செலவெல்லாம் போக மிஞ்சுவது 94, 95. அப்லோடும் அதே அளவில் வந்து, இராப்பகல் மாறாமலும் இருந்தால், கழுத்து நெரிபடும் இடம் ஓஎன்யுவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில்தான்.

காரணம் இதுதான். லேன் ஒயருக்குள் எட்டு கம்பி, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். 1000-க்கு நீலம், பழுப்பு உட்பட நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்தாலும் இரண்டு முனைகளும் தங்களுக்குள் பேசி 100-க்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட்டைத் திறந்து லிங்க் ஸ்பீடு 100/100 என்றா, 1000/1000 என்றா என்று பாருங்கள். 100 என்றிருந்தால் கேபிள் ஆபீசுக்குப் போக வேண்டியதே இல்லை. அப்புறம் ஓஎன்யுவின் பின்பக்கம். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் லேன் துளைகளில் ஒன்று மட்டும்தான் ஜிஇ, அதாவது 1000. மற்றது எஃப்இ, அதாவது 100-தான். ஒயர் எதில் செருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முத்தியால்பேட்டை_மாடி:
வைஃபை 38-ஐ இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் பிடித்திருக்கும். எங்கள் வீடு பழைய சுண்ணாம்புக் கட்டு, சுவர் ஒன்றரை அடி. ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் 520 வருகிற அதே போன், இரண்டு சுவர் தாண்டி அடுப்படிக்குப் போனால் 5-ஐ விட்டுவிட்டு 2.4-க்குத் தாவி 40-ல் நிற்கும். வைஃபையில் சோதித்துவிட்டு கேபிள்காரரோடு சண்டைக்குப் போனால் நாம்தான் தோற்றுத் திரும்புவோம். நான் திரும்பியிருக்கிறேன்.

கெடிலக்கரை:
தம்பி, நீங்கள் ஒயர்காரர், உங்களுக்கு எல்லாம் ஒயராகத் தெரிகிறது. மாதாமாதம் 1000-க்குப் பணம் வாங்குகிறவன் பெட்டியை மாட்டிவிட்டுப் போகும் நாளில், கையில் ஒரு லேப்டாப் கொண்டுவந்து 900 வருகிறது பாருங்கள் என்று காட்டியிருக்க வேண்டாமா? அதைச் செய்யாமல் "எங்க பக்கம் சரி" என்றால் வாடிக்கையாளர் எலெக்ட்ரீஷியன் ஆக வேண்டுமா? வெளிநாட்டில் நல்ல கேபிள் மோடம் வாங்கி மாட்டினால் வேகம் கூடுகிறது என்று படித்தேன். அப்படி ஒன்று வாங்கி மாட்டச் சொல்லலாமே.

கம்பிவேலை_லாஸ்பேட்டை:
காட்டியிருக்க வேண்டும், அதில் மறுப்பே இல்லை. ஆனால் மோடம் வாங்கச் சொல்லாதீர்கள் ஐயா. அமெரிக்காவில் கேபிள் இன்டர்நெட் என்றால் டிவிக்கு வருகிற கருப்பு கோஆக்ஸ் ஒயரிலேயே நெட் வருவது. அதற்கு டாக்சிஸ் என்று தரம். 3.0 வெளியானது 2006, 3.1 வெளியானது 2013. ஜிகாபிட் பிளான் எடுத்துவிட்டுப் பழைய 3.0 மோடத்தை வைத்திருந்தால் அங்கே வேகம் குறையும். ஒயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றிலும் மூன்றரை டெசிபல் சிக்னல் போகும். அந்த ஊர் அறிவுரை அந்த ஒயருக்கு. மேடம் வீட்டுக்கு வருவது ஃபைபர். கேபிள்காரர் தருகிறார் என்பதால்தான் நாம் கேபிள் நெட் என்கிறோம். டாக்சிஸ் மோடத்தை இதில் செருகவே இடமில்லை.

திருப்பாபுலியூர்_கேபிள்:
என் அண்ணன் கேபிள் நடத்துகிறார், நானும் ஒயர் இழுக்கப் போகிறவன். எங்களைத் திட்டுவதற்கு முன் ஒன்று: ஓஎன்யுவின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து ஒளி அளவைப் பாருங்கள். ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும். -15 முதல் -24 வரை இருந்தால் கவலை இல்லை. -27-ஐ நெருங்கினால் நாங்கள் வந்து பார்க்க வேண்டியது எங்கள் பொறுப்பு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் இந்தப் பக்கம் எத்தனை ஜாயின்ட் பெட்டிகளில் தண்ணீர் புகுந்தது, மரம் விழுந்து எத்தனை ஃபைபர் மடங்கியது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

மஞ்சக்குப்பம்_எடிட்டர்:
பார்த்துவிட்டேன். ஒளி -19. ஒயர் ஜிஇ துளையில்தான் இருக்கிறது. ஆனால் லிங்க் ஸ்பீடு 100/100.

தம்பியின் லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டுபோய், புதிதாக வாங்கிய ஒரு மீட்டர் ஒயரில் ஓஎன்யுவோடு நேராக இணைத்தேன். டவுன்லோடு 905, அப்லோடு 840! கைகால் பதறிவிட்டது. ஒரு மாதமாக இது ஹாலிலேயே கிடந்திருக்கிறது.

மாடிக்குப் போகும் ஒயரின் இரண்டு முனையிலும் புது ஆர்ஜே45 பிளக் கிரிம்ப் செய்ய ஆள் வந்தார். இன்னமும் 100-தான்.

கம்பிவேலை_லாஸ்பேட்டை:
வீட்டில் சிசிடிவி இருக்கிறதா? மாடி ரூமில் சுவர்த் தட்டைத் திறந்து ஒரு படம் போடுங்கள்.

மஞ்சக்குப்பம்_எடிட்டர்:
திறந்தேன். தட்டுக்குப் பின்னால் ஆரஞ்சும் பச்சையும் மட்டும் துளைக்குப் போகின்றன. நீலமும் பழுப்பும் தனியாக முறுக்கி, கருப்பு டேப் சுற்றி, மேலே பால்கனி கேமராவுக்குப் போகின்றன. கீழே ஹாலிலும் அப்படியே, கேமராவின் 12 வோல்ட் அடாப்டரிலிருந்து. கிரிம்ப் போட வந்தவர் வெறும் நான்கு கம்பியைத்தான் பிளக்கில் வைத்திருக்கிறார், மீதி நான்கு அங்கே இல்லவே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் கேமரா வைத்தவர் தனி ஒயர் இழுக்காமல் என் லேன் ஒயரின் இரண்டு ஜோடியை எடுத்துக்கொண்டார் போல.

கம்பிவேலை_லாஸ்பேட்டை:
அதுதான். 100 எம்பிபிஎஸ் இருந்த காலத்தில் அந்த இரண்டு ஜோடியும் சும்மா கிடக்கும், அதில் கேமராவுக்குக் கரண்ட் அனுப்புவது வழக்கம். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அன்றைக்கு உங்களிடம் 40 பிளான்தான் இருந்திருக்கும்.

தயவுசெய்து அந்த நான்கையும் அப்படியே பிளக்கில் சேர்த்துவிடாதீர்கள். 12 வோல்ட் ஓடுகிறது, ஓஎன்யுவின் துளையோ கம்ப்யூட்டரின் துளையோ போய்விடும். கேமராவுக்குத் தனியாக இரட்டைக் கம்பி இழுத்துவிட்டு, லேனுக்குப் புது கேட்6 ஒயர் இழுங்கள். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசிய ஒயர் பாதி விலைக்குக் கிடைக்கும். அதை வாங்க வேண்டாம். அரியாங்குப்பத்தில் கடலுக்குப் பக்கத்து வீடு ஒன்றில் அந்த ஒயரைக் கழற்றினேன். பிளக்கின் பின்களில் பச்சை பூத்திருந்தது, கம்பியை விரலால் வளைத்தால் குச்சி மாதிரி ஒடிந்தது. நம் உப்புக்காற்றுக்கு அது தாங்காது.

கெடிலக்கரை:
சரி தம்பி, ஒயர் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. நான் அவசரப்பட்டேன். ஆனால் அம்மா, இதோடு விடாதீர்கள். அந்த 905 எத்தனை மணிக்கு எடுத்தது? ராத்திரி ஒன்பதரைக்கு எடுத்துப் பாருங்கள். ஓஎன்யுவில் ஜிபான் என்று இருக்கிறதா, இபான் என்று இருக்கிறதா (ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் இரண்டு முறைகள்) என்பதையும் பாருங்கள். நான் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

மஞ்சக்குப்பம்_எடிட்டர்:
புது ஒயர் இழுத்தாயிற்று, 18 மீட்டர். மாடியில் காலை பத்து மணிக்கு டவுன்லோடு 902. நேற்று இரவு ஒன்பதரைக்கு 310. முந்தாநாள் அதே நேரம் 280. அப்லோடு மட்டும் எப்போதும் 800-க்கு மேல். பெட்டியில் இபான் என்று இருக்கிறது.

கெடிலக்கரை:
இதைத்தான் சொன்னேன். ஜிபானில் கேபிள் ஆபீஸ் மெஷினின் ஒரு போர்ட்டுக்கு டவுன்லோடு 2.5 ஜிபிபிஎஸ், அதை 32 அல்லது 64 வீடு பகிர்ந்துகொள்ளும். இபானில் போர்ட்டுக்கே மொத்தம் 1 ஜிபிபிஎஸ். உங்கள் பிளானும் 1 ஜிபிபிஎஸ். ஆக, அந்த போர்ட்டில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சேர்த்து எவ்வளவு உண்டோ, அதை உங்கள் ஒருவருக்கே விற்றிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் டிவி போட்டாலே உங்கள் பங்கு குறைகிறது. இதை விற்கும்போது சொன்னார்களா?

திருப்பாபுலியூர்_கேபிள்:
ஐயா, பகிராமல் யாராலும் இந்த விலைக்குக் கொடுக்க முடியாது. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ். 40 வீடு ஒரே நேரத்தில் 4கே பார்த்தாலும் 600-தான். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் முழு வேகம் இழுப்பார்கள் என்று கணக்குப் போட்டு எந்த நெட்வொர்க்கும் கட்டுவதில்லை. சாலையும் அப்படித்தான், குடிநீரும் அப்படித்தான். சட்டத்தில் பார்த்தாலும் 2023 முதல் பிராட்பேண்ட் என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ்தான்.

கெடிலக்கரை:
2 எம்பிபிஎஸ் என்று சட்டத்தைக் காட்டிவிட்டு, போஸ்டரில் 1000 என்று ஏன் போடுகிறீர்கள்? நீங்கள் சொல்லும் 40 வீட்டுக் கணக்கிலேயே 600 போனால் மிச்சம் 400-தான். அப்போது 1000 என்று எப்படி எழுதலாம்? ராத்திரியில் 300, பகலில் 900 என்று எழுதுங்கள். கல்யாண வீட்டு வேலை செய்கிற ஒரு பெண் அதை நம்பி மாதாமாதம் காசு கட்டுகிறார்.

கம்பிவேலை_லாஸ்பேட்டை:
இந்த இடத்தில் நான் கெடிலக்கரை ஐயா பக்கம். பகிர்வது தவறில்லை. ஆனால் இபான் போர்ட்டில் 1 ஜிபிபிஎஸ் பிளான் விற்கக் கூடாது. விற்றால் அந்த வீட்டை ஜிபான் போர்ட்டுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

மேடம், மூன்று இரவு எண்களைத் தேதி, நேரத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். ஓஎன்யுவில் நேரடி ஒயரில் எடுத்தது என்று சொல்லுங்கள், அப்போது வைஃபை என்று தட்டிக்கழிக்க முடியாது. சோதனையைச் சென்னை சர்வரில் எடுங்கள். கேபிள்காரரின் சொந்த சர்வரில் எடுத்தால் அவருடைய நெட்வொர்க்குக்குள்ளேயே சுற்றிவந்து நல்ல எண்ணாகத்தான் காட்டும்.

திருப்பாபுலியூர்_கேபிள்:
ஜிபான் போர்ட்டுக்கு மாற்ற முடியும். அதே கம்பத்தில் ஜிபான் ஸ்ப்ளிட்டர் இருந்தால் அரை மணி நேர வேலை. பெட்டி எக்ஸ்பான் என்றால் இரண்டிலும் ஓடும், மாற்றவே வேண்டாம். இல்லையென்றால் வேறு பெட்டி. அண்ணனிடம் கேட்டேன், இந்தப் பிளான் எடுத்தவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்றார்.

மஞ்சக்குப்பம்_எடிட்டர்:
எங்கள் கேபிள்காரரிடம் மூன்று இரவு எண்களையும் காட்டினேன். முதலில் "எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். இபான் போர்ட்டில் மொத்தமே ஒரு ஜிபிபிஎஸ்தானே என்றதும் உள்ளே போய் ஒருவரோடு பேசிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்பி ஜிபானுக்கு மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை பெரிய ஃபைல்களைக் காலை ஆறு மணிக்கு ஏற்றுகிறேன். நேற்றைய 200 ஜிபி 35 நிமிடத்தில் போனது. மாற்றிய பிறகு ஒன்பதரை மணி எண்ணை இங்கே போடுகிறேன்.

கெடிலக்கரை:
பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.