மறு: குளிரில் இனிக்கும் உருளைக்கிழங்குக்கு என்ன சொல்?

> 'குளிர்பதன இனிப்பேற்றம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா.

குளிரில் வைத்த உருளைக்கிழங்கில் சர்க்கரை கூடுவதை (ஆங்கிலத்தில் cold-induced sweetening) இந்தச் சொல்லால் குறிப்பது இரண்டு இடத்தில் இடிக்கிறது. நீரேற்றம், மின்னேற்றம் என்றால் வெளியிலிருந்து ஏற்றுவது. இங்கே கிழங்கு தன் மாவுச்சத்தைத் தானே உடைத்துக்கொள்கிறது. அதற்குக் குளிர்பதனக் கிடங்கும் தேவையில்லை; 9, 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே தொடங்கிவிடும். ஜனவரியில் உதகைப் பக்கம் திறந்த கொட்டகையில் அடுக்கிய மூட்டைக்கும் இது நேரலாம்.

செல்லுக்குள் நடப்பது இது. வழக்கமாக மாவுச்சத்து உடைந்து சர்க்கரை பாஸ்பேட்டாகி, கிளைக்காலிசிஸ் (சர்க்கரையைப் படிப்படியாக உடைக்கும் வினைத்தொடர்) வழியே போய், மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறை ஆக்கப் பயன்படும். குளிரில் அந்த வழியிலுள்ள பாஸ்போபிரக்டோகைனேஸ் போன்ற நொதிகள் மந்தமாகின்றன. மாவுச்சத்து உடைவதோ நிற்பதில்லை. தேங்கிய சர்க்கரை பாஸ்பேட் சுக்ரோஸாகிறது. அது வாக்குவோலுக்குள் (செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பை) போனதும் இன்வர்டேஸ் நொதி அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிளக்கிறது. வறுவலைக் கெடுப்பவை இந்த இரண்டும்தான். கொதிக்கும் எண்ணெயில் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து சிப்ஸைக் கருக்கிக் கசக்க வைக்கின்றன. அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்தால், உடலுக்குத் தீங்காகக் கூடிய அக்ரிலமைடும் உண்டாகும்.

மாவு புளிப்பேறுகிறது, கல் சூடேறுகிறது என்கிறோம். அந்த வழக்கிலேயே 'குளிர்த் தித்திப்பேறல்' என்பது என் பரிந்துரை.

– உதகை

> 'குளிர்த் தித்திப்பேறல்'

அம்மா, 'ஏறல்' மிகச் சரி. 'தித்திப்பு'தான் உறுத்துகிறது. சிப்ஸுக்கு எடுக்கும் கிழங்கில் ஒடுக்கும் சர்க்கரை (நீங்கள் சொன்ன குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்) 100 கிராமுக்கு ஏறத்தாழ 0.1 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும் நாக்குக்குப் பெரும்பாலும் தெரியாது, ஆனால் வாணலியில் தெரிந்துவிடும். தின்று பார்த்து, இனிக்கவில்லை என்று மூட்டையைச் சரியென்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோமே. 'குளிர்ச் சர்க்கரையேறல்' என்றே வைப்போம்.

கூடவே 'மூப்புச் சர்க்கரையேறல்' என்ற சொல்லும் வேண்டும். நெடுநாள் சேமித்த கிழங்கு வயதாகியும் சர்க்கரையேறும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் மருந்து வேறு. குளிரால் ஏறியதை 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்தால், பெரும்பகுதி திரும்ப மாவுச்சத்தாகும், கொஞ்சம் சுவாசத்தில் எரியும். எல்லா ரகமும் ஒரே அளவு மீளாது. இந்தப் பணிக்குப் 'பதம் மீட்டல்' பொருந்தும். மூப்பால் ஏறியது மீளாது. வெப்பத்தில் வைத்தால் முளைவிட்டுச் சுருங்குவதுதான் மிச்சம்.

சோதிக்கக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, ஒடுக்கும் சர்க்கரையை நிறமாற்றத்தால் காட்டும் பெனடிக்ட் கரைசல் 5 மில்லியில் எட்டுச் சொட்டு சாறு விட்டு, கொதிநீரில் ஐந்து நிமிடம் வைக்கலாம். நீலம் பச்சையானால் கொஞ்சம், செங்கல் நிறமானால் மிகுதி. சுக்ரோஸ் இதில் நிறம் காட்டாது. நாம் தேடுவது ஒடுக்கும் சர்க்கரையை மட்டும்தான் என்பதால் அதுவே நமக்கு வசதி. காம்புப் பக்கத்திலும் கண் மிகுந்த முனையிலும் தனித்தனியாக எடுங்கள். காம்புப் பக்கத்தில் மட்டும் சர்க்கரை கூடியிருப்பதும் உண்டு.

– கொடைக்கானல்