அயினிச் சக்கை தின்றவர்கள் இருக்கிறீர்களா?

சக்கை என்றால் எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் பலா. அதன் காட்டுப் பங்காளிதான் அயினி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். சென்னையில் பேரைச் சொன்னால் முழிக்கிறார்கள்.

பாட்டாவின் (தாத்தாவின்) விளையில், அதாவது தோப்பில், ஒன்று நின்றது. பக்கத்துத் தென்னைகள் அதன் இடுப்புக்குத்தான் வரும். கோடை விடுமுறையில் பழுக்கும், ஆனால் ஏற ஆள் கிடைக்காது. வௌவால் தள்ளிவிட்டதும் காற்றில் உதிர்ந்ததும்தான் எங்கள் பங்கு. விடியுமுன் ஓடவேண்டும், பிந்தினால் எறும்பு முந்திக்கொள்ளும்.

பழம் கைக்குள் அடங்கும். மேலெல்லாம் முள், ஆனால் குத்தாது. தோலை உரித்தால் நடுத்தண்டைச் சுற்றி மக்காச்சோள முத்துபோல ஆரஞ்சுச் சுளைகள். இனிப்போடு ஒரு புளிப்பு. (சில மரத்துப் பழம் வெறும் புளிப்பு, பாட்டி அதை மாட்டுக்குப் போட்டுவிடுவாள்.) பால் விரலில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய்தான் கதி. கொட்டையைச் சட்டியில் வறுத்து உப்புப் போட்டால் நிலக்கடலையெல்லாம் பக்கத்தில் வராது.

அத்தை கல்யாணத்துக்கு மரத்தை விற்றார்கள். வியாபாரி கயிற்றால் சுற்றளவு பார்த்தபோதும் மேலே பழம் இருந்தது. அவர் அண்ணாந்தே பார்க்கவில்லை.

*

வியாபாரியைக் குறை சொல்ல முடியாது அண்ணே, அயினித் தடி (மரக்கட்டை) அப்படி. நான் ஆலப்புழையில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே இதை ஆஞ்ஞிலி என்பார்கள். வள்ளப் போட்டியில் ஓடும் சுண்டன் வள்ளத்துக்கு (நீளமான பாம்புப் படகுக்கு) இந்தப் பலகைதான். தண்ணீரிலேயே கிடந்தாலும் சீக்கிரம் உளுக்காது, கறையானும் லேசில் தொடாது. மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிய லத்தீன் நூலான ஹோர்தூஸ் மலபாரிக்கூஸின் 1682-இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியிலேயே இந்த மரம் இருக்கிறது. பழத்தை நான் தின்றதில்லை. கடையில் வந்தால்தானே!

*

அயினித் திரியை விட்டுவிட்டீர்களே! ஆண்பூ விரலைவிட மெல்லிசாக, நீளமாகத் தொங்கி, காய்ந்து விழும். நுனியில் தீ வைத்தால் சுடர் விடாமல் மெதுவாகக் கனன்றுகொண்டே போகும். கொசுவத்தி வாங்கக் காசில்லாத வீட்டில் அதுதான் கொசுவத்தி. நாங்கள் பொறுக்கிச் சேர்த்துவைத்து வெடி கொளுத்தியிருக்கிறோம்.

*

எனக்குக் கிடைத்தது ஏமாற்றம்தான். குலசேகரத்தில் ஒரு வீட்டில் பழம் தந்தார்கள். கொட்டைகளைக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து, மதுரைக்குக் கொண்டுபோய் நட்டேன். இருபதில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

*

காயவைத்ததுதான் தப்பு தம்பி. பலாக்கொட்டை மாதிரியேதான் இதுவும், ஈரம் போனால் உயிரும் போய்விடும். தின்ற கையோடு மண்ணில் போடவேண்டும். முளைத்தாலும் குழம்பிவிடாதீர்கள், இளங்கன்றின் இலை ஆழமாக வெட்டுப்பட்டு வேறு ஏதோ செடிபோல இருக்கும். இந்தக் கோடையில் ஊருக்குப் போகிறேன். ஈரத் துணியில் சுற்றிக் கொட்டை கொண்டுவருகிறேன். பழத்தைக் கேட்காதீர்கள், அது நாகர்கோவில் தாண்டாது.