ஷிஃப்ட் வேலைக்கு நடுவில் ஜெப வாழ்க்கை: வார்த்தையே வராதபோது என்ன செய்கிறீர்கள்?

கேள்வி: ஐசியூ நர்ஸ்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஐசியூவில் நர்ஸ். மாதத்தில் பாதி நைட் டியூட்டி. சின்ன வயதிலிருந்தே விடியற்காலையில் எழுந்து, ஒரு அதிகாரம் வாசித்து, முழங்காலில் நின்று ஜெபித்துப் பழகியவள். இப்போது விடியற்காலை என்றால் எனக்கு ஹேண்டோவர் நேரம், அடுத்த ஷிஃப்ட்டிடம் பொறுப்பை ஒப்படைக்கணும். பிளட் சாம்பிள் எடுக்கணும், இன்டேக் அவுட்புட் கணக்கை முடிக்கணும், யூரின் பை காலி பண்ணணும். வீட்டுக்கு வந்து பைபிளைத் திறந்தால் இரண்டாவது வசனத்திலேயே கண் சொக்குகிறது.

நேரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். நன்றாகத் தூங்கி எழுந்த லீவு நாளிலும் ஜெபம் வருவதில்லை. "ஆண்டவரே" என்று ஆரம்பிக்கிறேன், அதோடு நின்றுவிடுகிறது. கொஞ்ச நாள் முன்னால் என் பொறுப்பில் ஒரு சின்னப் பையன் இருந்தான். அவனுக்காக உருகி ஜெபித்தேன். போய்விட்டான். அவன் கையில் ஐவி போட்ட இடத்துப் பிளாஸ்டரில் அவனுடைய அக்கா பேனாவால் ஒரு நட்சத்திரம் வரைந்திருந்தாள், ஐந்து முனையில் ஒன்று மட்டும் நீளமாக. ஆராதனையில் எல்லாரும் கை உயர்த்திப் பாடும்போது எனக்கு அந்த நட்சத்திரம்தான் தெரிகிறது.

சபையில் ஒரு அக்காவிடம் சொன்னேன். அறிக்கையிடாத பாவம் எங்கேயோ இருக்கிறது, ஆராய்ந்து பார் என்றார்கள். ஆராய்ந்தேன். வறட்சி போகவில்லை.

விசுவாசத்தை நான் விடவில்லை. இயேசுதான் என் ஆண்டவர், அதில் எனக்கு இரண்டு மனது கிடையாது. ஆனால் அவரோடு தொடர்பில் இருக்கிறேன் என்ற உணர்வு இல்லை, வளர்கிற அடையாளமும் இல்லை. இதைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்" என்பது மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

பதில்: தினம் ஒரு அதிகாரம்

சிஸ்டர், நானும் ஷிஃப்ட்டில்தான் இருக்கிறேன். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், இரண்டு நாள் விடுப்பும் கிடைக்கும். நேரம் குறிக்காமல் "தூங்குவதற்கு முன்" என்று மட்டும் வைத்துக்கொண்டேன், அந்தத் தூக்கம் பகலில் வந்தாலும் சரி. கண் சொக்கினால் ஆடியோ பைபிள் போட்டுக் கேட்பேன். தொடர்ச்சி அறாமல் இருப்பதுதான் எனக்கு உதவியது.

பதில்: கொயர் ஆல்டோ

மகளே, மேலே தம்பி சொன்ன திட்டம் நல்லதுதான். ஆனால் இப்போது உனக்கு அது மருந்தில்லை என்று நினைக்கிறேன். துக்கத்தில் இருப்பவளுக்கு அட்டவணை கொடுத்தால், விட்டுப்போன அதிகாரங்களும் ஒரு பாரமாகச் சேர்ந்துகொள்ளும்.

முதலில் அந்த "பாவம்" விஷயம். பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள். அதுவரை நல்லவர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது அவர்கள்மேல்தான், கத்திக் கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல. ஆராய்ந்து பார்த்துவிட்டாய் அல்லவா? அதோடு விடு.

என் மாமியார் நினைவு தப்பிப் படுக்கையில் கிடந்த காலத்தில் எனக்கும் இப்படித்தான் வாய் அடைத்துப்போனது. ராத்திரி அவர்களைத் திருப்பிப் படுக்கவைத்து, பவுடர் போட்டுவிட்டு உட்காரும்போது சொந்தமாக ஒரு வாக்கியம் வராது. அப்போதுதான் சங்கீதத்தை, பைபிளில் இருக்கிற அந்த 150 ஜெபப் பாட்டுகளை, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். தியானிக்கவோ குறிப்பு எடுக்கவோ இல்லை. அதையே என் ஜெபமாகச் சொன்னேன். நமக்கு வார்த்தை இல்லாதபோது சொல்வதற்கென்றே தேவன் வார்த்தைகளை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதைக் குறைந்த ஜெபம் என்று நினைக்காதே. சிலுவையில் ஆண்டவர் என்ன ஜெபித்தார் பார். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. யோனா மீன் வயிற்றிலிருந்து செய்த ஜெபத்தைச் சங்கீதங்களோடு ஒப்பிட்டுப் பார், வரிக்கு வரி அந்த வாசனை அடிக்கும். தேவகுமாரனே அந்த நேரத்தில் பழைய வார்த்தைகளை எடுத்துக்கொண்டார் என்றால் நமக்கு என்ன தயக்கம்?

எந்தச் சங்கீதம் என்பதுதான் முக்கியம். நாம் 23, 91, 121 என்று ஆறுதலானவற்றையே சுற்றிச்சுற்றி வருகிறோம். ஆனால் 150இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீடுதான். நீ 88இலிருந்து ஆரம்பி. மற்ற முறையீடுகளில் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஒரு வெளிச்சம் வரும். இதில் அதுவும் வராது. நண்பர்கள் விலகிப்போனதைச் சொல்லி அப்படியே முடிந்துவிடும். இருந்தாலும் முதல் வசனம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. உணர்வு ஒன்றும் இல்லாமல், யாரிடம் பேசுகிறோம் என்பது மட்டும் தெரிந்த ஒருவனுடைய ஜெபம் அது. நீ இருக்கிற இடமும் அதுதான். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13 சின்னது, ஆறே வசனம். அந்தப் பையனை நினைத்து, அவன் பெயரைச் சொல்லி வாசி.

அப்புறம், விடியற்காலைதான் ஜெப நேரம் என்று உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார். லூக்கா ஆறாம் அதிகாரத்தில் இராமுழுதும் ஜெபித்தார். 134ஆம் சங்கீதத்தைத் திறந்து பார்த்திருக்கிறாயா? மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும்" ஊழியக்காரருக்காகவே பாடியது. பைபிளிலேயே நைட் டியூட்டிக்காரர்களுக்கு ஒரு பாட்டு இருக்கிறது மகளே.

பதில்: டயாலிசிஸ் டெக்னீஷியன்

நானும் ஆஸ்பத்திரிதான். ஆல்டோ அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை தடவை கை கழுவுகிறோம்! சோப்புப் போட்டுத் தேய்க்கிற நேரத்தில் அடுத்து யாரைப் பார்க்கப் போகிறேனோ அவர் பெயரைச் சொல்லி "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்பேன். அவ்வளவுதான். பெரிய உணர்வெல்லாம் வராது. ஆனால் மெஷினோடு இணைக்க ஊசி குத்தும்போது என் பேச்சு மாறியிருப்பதை நோயாளிகளே சொல்லியிருக்கிறார்கள். வளர்ச்சி என்றால் அதுவும் ஒன்று என்று நம்புகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

சகோதரி, நீங்கள் கேட்ட இரண்டு விஷயத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். தொடர்பு வேறு, தொடர்பில் இருக்கிறோம் என்ற உணர்வு வேறு. அன்னை தெரசா 1997இல் மறைந்தார். 2007இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான், பல பத்தாண்டுகள் அவர் உள்ளத்தில் தேவ பிரசன்னத்தை உணராமலே ஊழியம் செய்தார் என்பது உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அவர் ஜெபத்தை விடவில்லை, நோயாளிகளையும் விடவில்லை.

இன்னொன்று, எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது தேவன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பிச் சாப்பிட வைத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பிட வைத்தார். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கப்புறம்தான். நைட் முடிந்து வந்தால் முதலில் தூங்குங்கள். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். தூக்கமே வராமல், வேலைக்குப் போகவே பயமாக இருந்தால் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

தனியாக இதைச் சுமக்காதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அப்போஸ்தலர் 2:42இல் ஆதிச் சபை உறுதியாய்த் தரித்திருந்தது உபதேசத்தில், அந்நியோந்நியத்தில், அப்பம் பிட்குதலில், ஜெபத்தில். எல்லாமே கூடிச் செய்தவை. வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்கிறார் யாக்கோபு. ஜெபிக்கிற பொறுப்பை அங்கே மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் போதகரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்: ஞாயிறு வர முடியவில்லை, வாரநாளில் எனக்குத் திருவிருந்து வேண்டும், என்னோடு ஜெபிக்க இரண்டு பேர் வேண்டும் என்று. கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: ஐசியூ நர்ஸ்

எல்லாருக்கும் நன்றி. ஆல்டோ அம்மா, 88ஐச் சத்தமாக வாசித்தேன். நடுவில் அவன் பெயரைச் சொன்னேன். அவன் போன பிறகு தேவனிடம் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் அழுதேன். பிறகு தூங்கிவிட்டேன். ஜெபம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் "ஆண்டவரே" என்பதற்குப் பிறகு சொல்ல ஏதோ இருந்தது.

போதகர் ஐயா, எங்கள் போதகரிடம் பேசினேன். வியாழன் மதியம் இரண்டு அம்மாக்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் 88 மாதிரிச் சங்கீதத்தை வாசிக்கலாமா, தப்பாக நினைப்பார்களோ என்று யோசனையாக இருக்கிறது.

பதில்: கொயர் ஆல்டோ

தாராளமாக வாசி. முதல் வாரம் 13ஐ எடு, மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு வசனம். முடிந்ததும் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனுடைய அக்காவுக்காகவும் அவன் அப்பா அம்மாவுக்காகவும் நான் இங்கே ஜெபிக்கிறேன். வியாழன் எத்தனை மணிக்கு என்று எழுது, அதே நேரத்தில் நானும் 13ஐ வாசிக்கிறேன்.