பர்மா தேக்குக் கதவில் வார்னிஷ் உரிந்த அனுபவம்

கானாடுகாத்தானில் எங்கள் ஐயா காலத்து வீட்டில், வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு) நுழையும் பர்மா தேக்குக் கதவுக்குத் தங்கை கல்யாணத்தை முன்னிட்டு, மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் கொடுத்து வார்னிஷ் அடித்தோம். ஐப்பசியில் அடித்தது, மாசி பிறப்பதற்குள் தாழ்ப்பாளைச் சுற்றி நகம் பட்ட இடமெல்லாம் பாம்புச் சட்டை போல நீளமாக உரிந்து வந்தது. உரிந்த தோலைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறம் கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தது. மரத்தின் நார் ஒன்றுகூட அதில் ஒட்டியிருக்கவில்லை.

மட்டமான வார்னிஷ் என்றே எல்லோரும் சொன்னார்கள். காரைக்குடியிலிருந்து வந்த வயதான ஆசாரி ஒருவர் மட்டும் எதுவும் சொல்லாமல், உரிந்த இடத்தில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு முறை இழுத்துக் காட்டினார். துணி தேநீர் நிறத்தில் கறைபட்டது. தேக்குக்கு இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் அதை எளிதில் அண்டாததற்கு அதுவும் ஒரு காரணம். அதன் மேல், அப்பத்தா ஒவ்வொரு பொங்கலுக்கும் கதவுக்கு எண்ணெய் தடவித் துடைத்து வந்திருக்கிறார். அவர் அக்கறையோடு செய்த அந்த வேலைதான் இத்தனை ஆண்டுகள் மரத்தை வெடிக்காமல் காத்தது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதே எண்ணெய் வார்னிஷை மரத்தில் பற்றவிடவில்லை.

இரண்டாம் முறை ஆசாரி, பழைய பூச்சை முழுவதும் சுரண்டி எடுத்து, 80, 120, 180 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் எண் வரிசையில் உப்புத்தாளை மர ரேகையின் போக்கிலேயே தேய்த்தார். அதற்கு மேல் வழுவழுப்பாக்கினால் மரம் ஸ்டெயினைக் குடிக்காது என்றார். தேய்த்த பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது முத்தாகத் திரண்டு நின்ற இடங்களை மறுபடி தேய்த்தார். பின்னர் துணியில் கறை ஏறுவது நிற்கும்வரை தின்னரால் துடைத்து, அந்த மணி நேரத்துக்குள்ளேயே ஸ்டெயினைத் தடவினார். தாமதித்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே கசிந்துவிடுமாம்.

முதல் முறை நாங்கள் செய்த இன்னொரு பிழையும் அப்போதுதான் புரிந்தது. நிறம் அழுத்தமாக வரட்டும் என்று ஸ்டெயினைத் துடைக்காமல் விட்டு, மறுநாளே, அதுவும் மழை ஈரத்தில், வார்னிஷ் ஏற்றியிருந்தோம். அவரோ பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுத்தார். கொடிப்பூச் செதுக்கல்களின் பள்ளத்தில் தேங்கியதை உலர்ந்த தூரிகையால் ஒற்றினார். நல்ல வெயில் காலமாக இருந்தும் இரண்டு நாள் காயவிட்டார். முதல் பூச்சில் டர்பன்டைன் கலந்து நீர்க்க அடித்தார். அது காய்ந்ததும் 320 உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு லேசாகத் தேய்த்து, தூசியை ஒற்றியெடுத்த பிறகே அடுத்த பூச்சுக்குப் போனார். பூச்சோடு பூச்சு பிடிக்க அந்தக் கீறல்கள் வேண்டும். பளபளப்பு ஸ்ப்ரேக்களை இனிக் கதவருகே கொண்டுவர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அவற்றில் சிலிக்கோன் இருந்தால் பின்னால் அடிக்கும் பூச்சு குழி குழியாக விலகி நிற்கும்.

மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் கீழ்ச்சட்டத்தின் மறைவான மூலையில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு, செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். டேப்பில் ஒரு செதில்கூட வரவில்லை. வெயிலை நேராக வாங்கும் முகப்புக் கதவு இன்னும் பாக்கி இருக்கிறது. தை பிறந்ததும் அதைத் தொடங்குகிறோம்.