கொய்யா பறிக்கப் போன காடு

மொரீஷியஸின் கத்ர் போர்னிலிருந்து எங்கள் குழுவின் ஓர் உறுப்பினர்:

மொரீஷியஸில் வளர்ந்த யாருக்கும் கோயாவ் தெசின், அதாவது சீனக் கொய்யா, என்றதும் வாயில் எச்சில் ஊறும். குளிர் தொடங்கும் மாதங்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா உப்பையும் மிளகாயையும் இடித்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்வார். ப்ளேன் ஷாம்பாஞ் மேட்டில் காரை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பையோடு புதருக்குள் நுழைவோம். நெல்லிக்காய் அளவில் சிவப்புப் பழம். பறித்தது பாதி, அங்கேயே தின்றது பாதி. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். "காட்டுக்குப் போறோம்" என்றுதான் சொல்வோம். அது காடுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. பச்சையாக இருந்தது, அடர்த்தியாக இருந்தது, பழமும் கொடுத்தது. வேறென்ன வேண்டும்?

மூன்று வருடத்துக்கு முன்னால் கோவில் இளைஞர்கள் சிலரோடு பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவில் ஒருநாள் களையெடுக்கப் போனேன். 1994இல் அமைந்த பூங்கா அது. அதற்குள் சில பகுதிகளுக்கு மட்டும் வேலி போட்டிருக்கிறார்கள், மானும் காட்டுப்பன்றியும் நுழையாதபடி. மான் இந்தத் தீவின் விலங்கு இல்லை. 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டது.

பிடுங்க வேண்டிய களை எது என்று கேட்டேன். கூட வந்த வனத் தொழிலாளி கை நீட்டிக் காட்டியது எங்கள் கோயாவ் தெசினை. நான் நம்பவில்லை. அவர் என்னை வேலிக்கு வெளியே கூட்டிப்போய், "கீழே பாருங்க" என்றார். சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகத் தண்டுகள். தரையில் வெளிச்சமே விழவில்லை. கொய்யாக் கன்றுகளைத் தவிர ஒரு செடி கிடையாது. நடுநடுவே பழைய மரங்கள் நின்றன, ஆனால் அவற்றின் பிள்ளைகள் ஒன்றுகூட இல்லை. "இந்தக் கிழவர்கள் சாய்ந்தால் இங்கே கொய்யா மட்டும்தான்" என்றார். அப்புறம் வேலிக்குள் வந்து பார்த்தால், பெரணி, மரத்தில் ஒட்டிய ஆர்கிட், முழங்கால் உயரத்தில் விதவிதமான கன்றுகள். நாற்பது வருடம் இந்தத் தீவில் வாழ்ந்தவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் காட்டைப் பார்த்தேன்.

பெயரில் சீனா இருந்தாலும் இது பிரேசில் நாட்டுச் செடி. பழத்துக்காக மனிதர்கள் கொண்டுவந்து நட்டார்கள். பறவையும் குரங்கும் பன்றியும் தின்று விதையைப் பரப்பின. அந்தக் குரங்கையும் பன்றியையும் கொண்டுவந்தவர்களும் மனிதர்கள்தான். கன்றாக இருந்தால் வேரோடு பிடுங்க வேண்டும். பெரிதாகிவிட்டால் வெட்டினால் மட்டும் போதாது, மறுபடி தழைத்துவிடும்.

அன்றைக்கு ஒரு தப்பும் செய்தேன். குறுகலான, சிவப்பு நரம்போடிய இலையுள்ள ஒரு கன்றைப் பிடுங்கப் போனேன். தொழிலாளி சட்டென்று கையைப் பிடித்துவிட்டார். அது இந்தத் தீவுக்கே உரிய சொந்த மரத்தின் கன்று. இந்தத் தீவின் மரங்கள் பலவற்றுக்குச் சிறுவயதில் இலை ஒரு வடிவம், வளர்ந்தபின் வேறு வடிவமாம். இதெல்லாம் எனக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரப்படவில்லை. கரும்புத் தோட்டம் பற்றி, 1834க்குப் பிறகு கூலிகளாக வந்த நம் முன்னோர் பட்ட பாடு பற்றிப் படித்திருக்கிறோம். அந்தத் தோட்டங்கள் இருக்கும் இடத்தில் முன்பு என்ன நின்றது என்று யாரும் கேட்டதில்லை. இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் சொந்தக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை.

தெர் ரூஜிலிருந்து:

அக்கா, உங்கள் பதிவைப் படித்தபின் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொல்லையில் அப்பா வைத்த லெச்சி (லிச்சி) மரம் இருக்கிறது. நவம்பர் வந்தால் போதும், இரவெல்லாம் சோவ் சூரி, அதாவது பழந்தின்னி வௌவால், கூட்டமாக வந்து இறங்கும். அப்பா தகரத்தைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோவார். 2015இல் அரசு அவற்றைச் சுட்டுக் கொல்ல ஆரம்பித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆயிரக்கணக்கில் செத்தன. 2018இல் இந்த வௌவாலை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதன்பிறகுதான் விசாரித்தேன். காட்டு மரங்களின் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவது இதே வௌவால்தான். கொய்யா நெருக்கிய இடத்தில் சொந்த மரங்கள் பூப்பதும் காய்ப்பதும் குறைகிறது. களையெடுத்தால் கூடுகிறது. காட்டில் சோறு போடாமல், கொல்லைக்கு வந்தால் சுடுகிறோம். இப்போது மரத்தின் கீழ்ப்பாதிக்கு வலை போட்டிருக்கிறேன். மேல்பாதி அவற்றுக்கு. வீட்டில் திட்டுகிறார்கள், பரவாயில்லை.

மாஹேபூரிலிருந்து:

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவேன்ந்த் தெஸ்னிப் பவளப்பாறையில் ஏறியபோது நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசிந்தது. சுமார் 1,000 டன். கடல் கறுத்தது, தெருவெல்லாம் நாற்றம். கரும்புச் சோகையைத் துணியில் திணித்து நீளமாகத் தைத்துக் கடலில் மிதக்கவிட்டோம். யாரும் கூப்பிடவில்லை, ஊரே வந்தது. எனக்குக் கை ஒருவாரம் கறுப்பாகவே இருந்தது.

எதிரே இருக்கும் ஈல் ஓ எக்ரெத் தீவை எண்ணெய் தொட்டபோது அழுதுவிட்டேன். வெறும் 26 ஹெக்டேர். வருடக்கணக்காகக் களையெடுத்து, நட்டு, மீட்ட காடு அது. நம் தீவின் ராட்சத ஆமைகள் அழிந்து ரொம்ப காலம் ஆகிறது. அவை செய்துவந்த விதை பரப்பும் வேலையைச் செய்ய அல்தாப்ரா தீவின் ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவை கருங்காலிப் பழத்தை விழுங்கி, போகிற இடமெல்லாம் விதைபோட, புதுக் கன்றுகள் முளைக்கின்றன. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கத்ர் போர்ன் உறுப்பினர் மறுபடியும்:

தம்பி, வலையை எடுத்துவிடாதீர்கள்.

மாஹேபூர்க்காரர் கருங்காலி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. போன வருடம் தமிழ்நாட்டுக்குப் போய்வந்த சித்தி அம்மாவுக்குக் கருங்காலி மாலை ஒன்று வாங்கி வந்தார். அம்மா அதைக் கழற்றுவதே இல்லை. டச்சுக்காரர்கள் இந்தத் தீவில் வெட்டி ஏற்றியது கருங்காலி வகை மரத்தைத்தான் என்று சொன்னேன். "இங்கேயா?" என்று கேட்டார். எழுபத்திரண்டு வயது, இங்கேயே பிறந்தவர்.

இந்த வருடம் கொய்யா பறிக்கப் போனபோது முதலில் அந்தப் பூங்காவில் உள்ள பெத்ரேனில் இறங்கிக் காட்டுக்குள் மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். கருங்காலியைக் காட்டினேன். அம்மா மாலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கறுத்த பட்டையைத் தடவிப் பார்த்தார். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ கொய்யா பறிக்கறது தப்பாம்மா?" என்று கேட்டார். பறிப்பது தப்பில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் பறிக்கலாம், அந்தப் புதரை வெட்ட வருகிறவர்களைத் திட்டாமல் இருந்தால் போதும் என்றேன். "சரி" என்று சொல்லி உப்பு டப்பாவைத் திறந்தார்.