காந்தமணி நினைவகம்: ஒரு கலைச்சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம். கோர் மெமரி என்ற பழைய கணினி நினைவகத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கேள்வி இது:

> கோர் மெமரிக்குக் 'கரு நினைவகம்' போதுமே? செயலியில் (பிராசசரில்) உள்ள கோரைக் கரு என்றுதானே எழுதுகிறோம்?

போதாது. செயலியின் கோருக்குக் கரு பொருந்தும். 1950-களின் கோர் வேறு பொருள். அது ஃபெரைட் என்ற, இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருளில் செய்த, நடுவில் துளையுள்ள குட்டி வளையம். காந்தம் ஒரு சுற்றில் ஏறினால் 1, எதிர்ச் சுற்றில் ஏறினால் 0. துளைகளின் வழியே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைக் கோத்திருப்பார்கள். ஒவ்வொரு கம்பியிலும் தேவையான மின்னோட்டத்தில் பாதிதான் போகும். இரண்டு கம்பிகள் சந்திக்கும் இடத்தில் உள்ள வளையம் மட்டும் முழு அளவு பெற்றுப் புரளும். படித்தால் அழிந்துவிடும் என்பதால் உடனே திரும்ப எழுத வேண்டும். ஆனால் மின்சாரம் போனாலும் எழுதியது நிற்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் வேர்ல்விண்டு கணினியில் ஜே ஃபாரஸ்டரின் குழு இதைப் பொருத்தியது 1953-இல்.

எனக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும். மும்பை மாட்டுங்காவில் தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கணினி வரலாறு எழுதிவருகிறோம். இங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான டிஃப்ராக் கணினியை விட்டுவிட்டு அதை எழுத முடியாது. 1960-இல் முழுதாக இயங்கத் தொடங்கியது. 1962-இல் நேரு பெயர் சூட்டினார். குழுவை வழிநடத்திய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர். சுமார் 2700 வெற்றிடக் குழல்கள், 40 பிட் அகலத்தில் 2048 சொற்கள் (கணினி ஒரே மூச்சில் கையாளும் பிட் தொகுதிகள்) கொள்ளும் ஃபெரைட் நினைவகம். பிட்டுக்கு ஒரு வளையம் என்றால் 81,920 வளையங்கள்! இதைப் போய் 'கரு' என்றால் பிள்ளைகள் கண்முன் என்ன வரும்?

என் பரிந்துரை: தனி வளையம் காந்தமணி, முழு அமைப்பு காந்தமணி நினைவகம். 'காந்த வளையம்' என்று ஒருவர் சொன்னதும் சரியான சொல்தான். ஆனால் ஒலிபெருக்கியில் இருப்பதும் காந்த வளையமே. மணி என்றால் கோப்பது கூடவே வந்துவிடுகிறது. கோப்பு என்ற சொல்லும் கோத்தலிலிருந்து வந்ததுதானே, இந்த வேர் கணினித் தமிழுக்குப் புதிதல்ல.

அப்புறம், இதிலிருந்து அடுத்த சொல்லும் எளிதாகக் கிளைக்கிறது. அப்பல்லோ விண்கலக் கணினியில் நிரலையே கம்பியால் கோத்தார்கள். கம்பி மணிக்குள் நுழைந்து போனால் 1, விலகிப் போனால் 0. அமெரிக்க நிறுவனமான ரேதியானின் ஆலைப் பெண்கள் கையால் கோத்த, கோர் ரோப் எனப்பட்ட அந்த நினைவகத்துக்கு 'மணிக்கயிறு' எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! 'கருக்கயிறு' என்றால் ஒன்றும் விளங்காது.

கோர் டம்ப்புக்கு, அதாவது நிரல் முறியும்போது நினைவகத்தில் இருந்ததை அப்படியே கோப்பில் கொட்டிவைப்பதற்கு, மட்டும் மணி வேண்டாம். இன்று கொட்டப்படுவது சிலிக்கான் நினைவகம். 'நினைவகக் கொட்டல்' போதும்.

மணிகளைக் கோத்த சட்டகத்துக்கு 'மணித்தட்டு' என்று வைத்திருக்கிறேன். அதில்தான் எனக்கு நிறைவில்லை, வன்தட்டோடு குழம்பும். 'மணிப்பின்னல்' சரிவருமா? வேறு சொல் தோன்றினாலும் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து